சென்னை – சிங்கப்பூர்: எட்டு நாளும் நாலேகால் மணியும்

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களில் பலர் இந்தச் சந்திப்புக்காக விமானத்தில் வந்திருப்பீர்கள். சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு கோஷ்டி, துபாய்க்காரர்கள் ஒரு கோஷ்டி, லண்டன், அமெரிக்கா என்று சிதறியவர்கள் மிச்சம். "எவ்வளவு தூரம்ப்பா உங்க ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டார்கள். "நாலு மணி நேரம்தான் சார்" என்பார்கள். இன்னொருத்தர் "இருபத்திரண்டு மணி நேரம் ஆச்சு, இடுப்பு விட்டுப் போச்சு" என்பார். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறோம்.

இது விமானம் வந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. நம் பாட்டன்மார்களும் இப்படித்தான் சொன்னார்கள். 'நாழிகை வழி' என்று ஒரு தூரக் கணக்கு தமிழில் உண்டு. இருபத்து நாலு நிமிஷத்தில் ஒரு ஆள் நடக்கிற தூரம், அதாவது ஒன்றரை மைலுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக் கொள்ளலாம். அதற்கு மேல் காதம். காதத்துக்கும் மேலே போனால், ஒரு நாள் நடை, இரண்டு நாள் நடை. நடக்கிறவன் எங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பான், எங்கே ராத்தங்குவான் என்பதும் கணக்கில் சேர்த்தி. அதற்குத்தானே சாவடிகள்! எங்கள் கரையான்சாவடியைச் சொல்லவில்லை என்று கோபித்துக் கொள்ளாதீர்கள், வந்துவிட்டேன். கரையான்சாவடி, குமணன்சாவடி, கொஞ்சம் வடக்கே வேலப்பன்சாவடி. பூந்தமல்லியைச் சுற்றி இத்தனை சாவடிகள் சும்மா முளைக்கவில்லை. கோட்டையிலிருந்து பூந்தமல்லி சுமார் பதிமூன்று மைல். சாமான் தூக்கி நடக்கிறவனுக்கு, மாட்டு வண்டிக்கு, அது ஏறத்தாழ ஒரு பகல் பாடு. இன்றைக்கு மெட்ரோ தூண்கள் நிற்கிற அதே ரோடு.

அந்த மவுண்ட் – பூந்தமல்லி ரோட்டின் கிழக்குக் கோடியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போகப் பல்லவன் பஸ்ஸில் தொங்கிக் கொண்டு அந்த வழியாகப் போன காலத்தில் எனக்கு இது தெரியாது, பிறகு படித்ததுதான். பரங்கிமலை அடிவாரத்தில் 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி நூறடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி ஒன்றைத் தரையில் போட்டு அளக்க ஆரம்பித்தார். சங்கிலியை நானூறு தடவை மாற்றி மாற்றிப் போட்டு, ஏழரை மைலுக்குச் சற்று மேற்பட்ட ஒரே ஒரு நேர்க்கோட்டை அளக்க 57 நாள் ஆயிற்று. இந்தியா முழுவதையும், பிறகு இமயமலையையும் அளந்து முடித்த சர்வேக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அந்த அளவையைக் கொண்டு முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக் கொண்டு மங்களூர் வரை போனபோது, மதராஸுக்கும் மங்களூருக்கும் நடுவே இருப்பது 360 மைல்தான் என்று தெரிந்தது. அதுவரை வரைபடங்களில் 400 மைல் என்று போட்டிருந்தார்கள். நாற்பது மைல் அகல நிலம், இல்லாமலே இருந்திருக்கிறது!

அதே 1802-ல் நுங்கம்பாக்கம் வானிலைக் கூடத்தில் (நட்சத்திரம் பார்த்த ஆப்சர்வேட்டரி, 1792-ல் கட்டியது) ஜான் கோல்டிங்ஹாம் மதராஸ் நேரத்தை நிர்ணயம் செய்தார். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முன்னால். ரயில்கள் வெகுகாலம் இந்த மதராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை மணி கணக்கு. ஆக, தூரத்தை அளக்கச் சங்கிலியும் நேரத்தை அளக்கக் கடிகாரமும் ஒரே வருஷத்தில் நம் ஊரில் வந்து சேர்ந்தன.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமான நிலையம் 2,925 கிலோமீட்டர் சுமார். துபாய்க்குப் போட்டுப் பாருங்கள், 2,935 வருகிறது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் நாம்; தராசு முள் மாதிரி. இதை நான் சொன்னால் நம் துபாய் நண்பர்கள் நம்புவதில்லை. "சிங்கப்பூர் ரொம்ப தூரம் சார், கடல் தாண்டணும்" என்கிறார்கள், அரபிக் கடல் என்ன குட்டையா? லண்டன் 8,230 கிலோமீட்டர். சுவரில் தொங்குகிற வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக வராது. பள்ளிக்கூடத்து உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அதுதான் குறுக்கு வழி. விமானி தேடுவதும் அதைத்தான்.

கப்பலுக்கும் வழி ஏறக்குறைய அவ்வளவே. கடல் வழியில் சுமார் 1,600 கடல் மைல். இந்த வழி நமக்கு ஆயிரம் வருஷப் பழக்கம். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025-ல். அந்தக் கப்பல்களுக்குக் காற்றுதான் டிக்கெட். காற்று திரும்பும் வரை கரையில் காத்திருக்கும் மாதங்களையும் பயண நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

நீராவி வந்ததும் காற்றின் தயவு போயிற்று. நம் அப்பா, பெரியப்பா தலைமுறைக்குச் சிங்கப்பூர் என்றால் ஒரே பெயர்தான்: ராஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-ல் கட்டிய கப்பல். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது என்றால் கூட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று நாட் வேகத்தில் நிற்காமல் போனாலே ஐந்தேகால் நாள் ஆகும். துறைமுகம் துறைமுகமாக நின்று சாமான் இறக்கி ஏற்றிப் போய்ச் சேர ஏழு எட்டு நாள். அதற்கும் முந்தின தலைமுறையில் டெக் பயணிகளை செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த் தடுப்புக்காக இறக்கி, சில நாள் வைத்திருந்து அனுப்பியதும் உண்டு. சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கும் உழைத்துவிட்டு, 1973-ல் கைமாறி, அடுத்த வருஷமே உடைக்கப்படும் வரை ஏறத்தாழ நாற்பத்தேழு வருஷம் அந்தக் கப்பல் ஓடியது.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் வருகிறது. மதராஸிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டது 1870-71-ல். அதாவது, 1871-லிருந்தே சேதி ஒரே நாளில் போய்விடும், ஆள் வர எட்டு நாள் ஆகும். அதற்கு முன்னால் சேதியும் ஆளும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். சாவுச் செய்தி வந்து சேரும்போது எல்லாம் முடிந்து மாதக் கணக்காகியிருக்கும். அழுதுவிட்டுத் தலை முழுக வேண்டியதுதான். தந்தி வந்த பிறகு அந்த நிம்மதியும் போயிற்று. 'அம்மா இறந்துவிட்டாள்' என்று இன்றைக்கே தெரியும். உடல் இன்னும் வாசலில் கிடக்கிறது என்றும் தெரியும். போக மட்டும் முடியாது. எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இதைத் தனியாக ஒரு அத்தியாயமாகப் போடவில்லை. ஆனால் நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும்!

எங்கள் வீட்டில் நடந்தது 1962-ல். பெரியப்பா 1951-ல் ராஜூலாவில் டெக் டிக்கெட்டில் போனவர், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. பாட்டி காலமானபோது எனக்கு ஆறு வயது. தந்தி மறுநாள் அவர் கைக்குக் கிடைத்துவிட்டது. விமானம் இருந்தது, சார். ஆனால் டிக்கெட் விலை அவர் சம்பளத்துக்கு மூன்று நாலு மாதக் காசு. கேட்டவுடன் கடன் கொடுக்க அங்கே யார்? அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள் காத்திருந்து, எட்டு நாள் கடலில் இருந்து, பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்தைப் பெரியவர்கள் தள்ளிப் போடவில்லை. மூத்த பிள்ளை இல்லாமலே என் அப்பா செய்து முடித்துவிட்டார். கரையான்சாவடி முனையில் ஜட்கா வண்டியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கியவர், வீட்டுக்குள் போகாமல் திண்ணையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்வாள். எனக்கு ஞாபகம் இருப்பது டிரங்குப் பெட்டியும், பாட்டிக்கென்று அவர் முன்பே வாங்கி வைத்திருந்த கம்பளிப் போர்வையும்தான். அந்தப் போர்வையை யாரும் போர்த்திக் கொள்ளவில்லை.

விமானத்தின் கதையும் நம் ஊரைத் தொட்டுத்தான் போகிறது. 1910-லேயே டி'ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி தானே கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஆனால் அது வேடிக்கை. தபால் வந்ததுதான் சரித்திரம் (தபால் இலாகாவில் 38 வருஷம் சம்பளம் வாங்கியவன் வேறு எப்படிச் சொல்வேன்?). 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டுக் கொண்டு, பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்! பம்பாயிலிருந்து அவர் நண்பர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். மணிக்கு நூறு மைல் வேகத்தில் போகிற ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானம். முதல் வருஷத்தில் 155 பயணிகள், பத்து டன் அளவுக்குத் தபால், அறுபதாயிரம் ரூபாய் லாபம்.

கராச்சியில் தொடங்குவானேன்? லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் முதல் கராச்சி வரை வந்து கொண்டிருந்தது. 1933 கடைசியில் அதே வழியை டில்லி, கல்கத்தா, ரங்கூன் என்று சிங்கப்பூர் வரை நீட்டினார்கள். கவனித்தீர்களா? லண்டன் – சிங்கப்பூர் விமானம் நம் தலைக்கு மேலே வரவே இல்லை. அன்றைய விமானம் அடிக்கடி இறங்கிப் பெட்ரோல் குடிக்க வேண்டும், வங்காள விரிகுடாவைக் குறுக்கே தாண்ட அதற்குத் தெம்பு கிடையாது. ஆகையால் கரையோரமாகச் சுற்றிப் போயிற்று. சிங்கப்பூருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த மதராஸ், வழியை விட்டு விலகின ஊர் ஆகிவிட்டது. குறுக்கு வழி எது என்பதை உருண்டையும் நூலும் மட்டும் தீர்மானிப்பதில்லை, எஞ்சினும் தீர்மானிக்கிறது.

கடலைத் தாண்டும் தெம்பு போருக்குப் பிறகு வந்தது. 1954-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல், சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானத்தை வாங்கி, சிங்கப்பூர் சேவையைத் துவக்கியது. நாலு புரொப்பெல்லர், மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் என்று வைத்தால் சென்னையிலிருந்து ஆறு மணி நேரம். 1960-ல் போயிங் 707 வந்ததும் அது நாலு மணியை ஒட்டி வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் அறுபத்தைந்து வருஷமாக அந்த நேரம் குறையவே இல்லை. இன்றும் நாலேகால், நாலரைதான். எட்டு நாளை ஆறு மணியாக்கி, ஆறை நாலாக்கி, அங்கேயே நின்றுவிட்டது. குறைந்தது டிக்கெட் விலை. என்னைக் கேட்டால், எங்கள் பெரியப்பாவுக்கு வேண்டியிருந்தது வேகம் இல்லை. வேகம் அன்றே இருந்தது. எட்டாத தூரத்தில் இருந்தது டிக்கெட்.

பெரியப்பா எழுபதுகளில் 'சிதம்பரம்' கப்பலில் ஊருக்கே திரும்பி, கரையான்சாவடியில் வீடு கட்டிக் கொண்டு, 1994-ல் காலமானார். அவர் மகன், என் அண்ணன், சிங்கப்பூரில். காலை ஆறு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஐ.எஸ்.டி. போட்டுச் சொன்னேன், அங்கே எட்டரை. ஆபீசில் சொல்லி, டிக்கெட் தேடி, ராத்திரி எட்டரை விமானத்தைப் பிடித்தார். நல்லவேளை, இந்தியப் பாஸ்போர்ட், விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. நம் கடிகாரப்படி பத்தேகாலுக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டார். இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் வரிசை, டாக்ஸி, போரூர், காட்டுப்பாக்கம் எல்லாம் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு. போன் போட்டதிலிருந்து பதினெட்டு மணி நேரம், அதில் ஆகாயத்தில் இருந்தது நாலேகால் மணி. ஐஸ் பார் அடுக்கி வைத்திருந்தோம். அண்ணன் முகத்தைப் பார்த்தார். மறுநாள் காலை அவர்தான் கொள்ளி வைத்தார்.

அன்று ராத்திரி ஒரு கிழவர், "எட்டரைக்குக் கிளம்பி பத்தேகாலுக்கு வந்துட்டானா? ஒண்ணே முக்கா மணியா?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவே நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்று விளக்க வேண்டியிருந்தது. 1982-க்கு முன்னால் வித்தியாசம் இரண்டு மணிதான். அந்த வருஷம் பிறக்கும்போது மலேசியாவோடு ஒத்துப் போகச் சிங்கப்பூர்க்காரர்கள் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக் கொண்டார்கள். ஆகவே போகும்போது டிக்கெட்டில் ஏழு மணி மாதிரித் தெரியும், வரும்போது இரண்டு மணி மாதிரித் தெரியும். உண்மை நடுவில் இருக்கிறது.

சிதம்பரம் கப்பலில் 1984-ல் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்து போனார்கள். அதோடு சென்னை – சிங்கப்பூர் பயணிகள் கப்பல் காலம் முடிந்தது.

கப்பலும் இல்லாமல் விமானமும் இல்லாமல் ஒரு காலம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. 2020 மார்ச் 23-ம் தேதி முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. மே மாதம் 'வந்தே பாரத்' விமானங்கள் வரும் வரை, அப்புறமும் அதில் இடம் கிடைக்கும் வரை, 2,925 கிலோமீட்டர் என்பது தாண்ட முடியாத தூரம். நம் 1976 செட் நண்பர் ஒருவர் அந்த ஏப்ரலில் தன் தாயாரின் இறுதிச் சடங்கை சிங்கப்பூரில் இருந்தபடி செல்போனில் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பிடித்துக் கொண்டு நின்றான். கை நடுங்கி நடுங்கிப் படம் ஆடியதாம். 1871-ன் தந்திக் கம்பிக்கும் அந்த செல்போனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எட்டு நாள் கழித்தாவது பெரியப்பாவுக்குக் கப்பல் ஒன்று இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மில் சிலர் வீட்டுப் பரணில் ராஜூலா, சிதம்பரம் கப்பல்களின் டிக்கெட் அடிக்கட்டை, பழைய பாஸ்போர்ட், அம்மைக் குத்தின சர்டிபிகேட், நீல நிற ஏரோகிராம் கடிதங்கள் இருக்கும். பேரன்மார் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் அவற்றைச் சங்கத்திடம் காட்டுங்கள். போட்டோ எடுத்துக் கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம். கடிதம் என்றால் முதல் பக்கம் மட்டும் போதும். தேதியும், போட்ட ஊரும், வந்து சேர்ந்த முத்திரையும் தெரிந்தால் எனக்குப் போதும். எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிக் கொள்கிறேன். உள்ளே இருக்கும் குடும்ப விஷயத்தைப் படிக்க மாட்டேன், தபால்காரன் சத்தியம்.